துண்டைக் கொடுத்தால் கையை எடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். பேசவும் கூச்சம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு தடவை மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவளிடம் அதைத் தள்ளிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் இப்போது "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, எஸ்தரம்மா" என்று கேட்கிறீர்கள். முன்னது பின்னதாக வரும். மறந்ததும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கூச்சமும் இல்லை, மறதியும் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

சித்தூரில், மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்காக மிஷன் நடத்திய பள்ளிக்கூடத்தில் உதவியாளாக இருந்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது, டீச்சர் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது, இதுதான் வேலை. என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என் கை. நான் ஒல்லிதான், ஆனால் கையில் பலம் உண்டு. "திமிறுற பிள்ளையை அசையாம பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அறுபதுகளில் எல்லா இடத்திலும் அப்படித்தான். பிடித்துக்கொண்டு மருந்து கொடுப்போம், பிடித்துக்கொண்டு நகம் வெட்டுவோம், பிடித்துக்கொண்டு 'அ' எழுத வைப்போம். பிள்ளை எழுதிவிட்டது என்று சொல்லிக்கொள்வோம். எழுதினது என் கை.

எழுபதுகளில் பெங்களூரில் பயிற்சி முடித்து ஒரு டீச்சர் வந்தார். என்னைவிட வயசில் சின்னவர். பெயர் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், அவருக்குப் பிடிக்காது. 'பிஹேவியர் தெரபி' என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து, ஒவ்வொரு துண்டாகக் கற்றுக்கொடுத்து, செய்தால் பாராட்டி, பிள்ளைக்குப் பிடித்ததைக் கொடுப்பது. அது எப்படி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தேசம்மா வந்தாள். நகரிப் பக்கத்துக் கிராமத்தில் வேர்க்கடலையும் கரும்பும் போடும் தமிழ்க் குடும்பம். பத்துப் பதினோரு வயசு இருக்கும். பேச்சு வராது. கொலுசுச் சத்தம் பிடிக்கும், பொரி உருண்டை பிடிக்கும். தலையை மட்டும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் கடிப்பாள். முடி சடை பிடித்து, பின் கழுத்தில் ஒரு கட்டியாகத் தொங்கியது. காதுக்கு மேலே வெள்ளையாக ஒரு தழும்பு.

தழும்பின் கதையை அவளுடைய அப்பாவே சொன்னார்; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சின்னதில் அவளுக்கு ஜன்னி கண்டு, பிழைக்க மாட்டாள் என்று கையை விரித்துவிட்டார்கள். பிழைத்தால் திருமலையில் மொட்டை போடுகிறேன் என்று இவர் வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டாள். மலைக்குப் போகுமுன் ஊரிலேயே பழக்கிப் பார்க்கலாம் என்று ஒரு நாவிதரை வரவழைத்து, ஆளாளுக்குப் பிடித்துக்கொள்ள அவர் வழிக்கப் போக, அவள் உதற, கத்தி காதுக்கு மேலே இழுத்துவிட்டது. அதோடு நின்றது. அதற்கப்புறம் வீட்டில் எது நடந்தாலும், மாடு செத்தாலும் கடலை காய்ந்தாலும், கொடுக்காத முடிதான் காரணம் என்றாகிவிட்டது. இவள் பேசாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

"நா வேற ஒண்ணும் கேக்கல, டீச்சரம்மா" என்றார். "படிக்க வேணாம், எழுத வேணாம். மொட்ட அடிக்கற வரிக்கும் குந்திகினு இருந்தா போதும். அத்த நீங்க கத்துக் குடுத்தா, எத்தினி வருசம் வேணாலும் இங்கியே இருக்கட்டும். ஆவலன்னா இட்டுனு போயிடறேன். ஊட்டாண்ட மாட்டுக் கொட்டாய் பக்கத்துல ஒரு ரூம்பு கீது."

அந்த அறையில்தான் அவள் அதுவரை இருந்தாள். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்.

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். பேசும்போது கண் கலங்கியது. போகும்போது எனக்கு ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்: "காலைல துன்னக் குடுக்காதீங்க. பசி எடுத்தா வழிக்கு வருவா. மாட்டுக்கும் அப்படித்தான்."

டீச்சர் சிரித்துக்கொண்டே, "சாப்பிட்டுட்டு வந்து உட்காரட்டும் நைனா. பசியில உட்கார்ந்தா அது பசி உட்கார்ந்த மாதிரி, உங்க பொண்ணு உட்கார்ந்த மாதிரி ஆகாது" என்றார். அதை நான் மறக்கவில்லை. இப்போதும் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை பசியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் பாடம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

துண்டு டீச்சரின் யோசனை. கடிப்பதும் அலறுவதும்தான் தேசம்மாவுக்குத் தெரிந்த 'வேண்டாம்'. அதைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமானால் அதைவிட லேசான வேறொரு 'வேண்டாம்' கையில் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு சிவப்புத் துண்டு. தோளில் அது இருந்தால் நான் தலையைத் தொடலாம். அவள் அதை எடுத்து என் மடியில் போட்டால் கையை எடுத்துவிட வேண்டும். உடனே. "இன்னும் கொஞ்சம்" கிடையாது.

முதல் நாட்களில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். துண்டைத் தோளில் போடுவேன், எடுத்து மடியில் போடுவாள். கையை எடுப்பேன். மறுபடி போடுவேன், மறுபடி மடியில். சில நேரம் என் கை தலைப்பக்கம் போகவே இல்லை, துண்டு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. சமையற்கட்டுக்காரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாமே எஸ்தரு, ரெண்டு பேரும் துணி மடிச்சிக்கினு கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையிடம் தோற்றுக்கொண்டிருப்பதைப் போல.

"தோக்கட்டும் அக்கா. அவ சோதிச்சுப் பார்க்கறா" என்றார் டீச்சர். "நிஜமாவே கையை எடுக்கறீங்களான்னு."

எடுத்தேன். ஒவ்வொரு தடவையும். நம்பிக்கை எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் துண்டு தோளிலேயே இருந்தது. என் விரல் அவள் உச்சியில் இருந்தது. மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சீப்பு வந்தது, தண்ணீர் வந்தது, சடை பிரிந்தது. வேண்டாத போது துண்டைக் கொடுப்பாள், கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்வாள். கடிப்பது நின்றேவிட்டது. வாயால் சொல்ல முடியாததைத் துண்டால் சொன்னாள். நான் அதற்குக் கீழ்ப்படிந்தேன். அவள் வாழ்க்கையில் அவள் சொன்னதைக் கேட்டு நடந்த முதல் ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

சின்னத் தகட்டை, கூர் இல்லாததை, தலையில் வைத்துக்கூடப் பழக்கினோம். உட்கார்ந்தாள். நைனாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் நல்ல நாள் பார்த்துவிட்டார்.

டீச்சருக்கு வேறு பிள்ளைகள் இருந்ததால் வர முடியவில்லை. நான் போனேன். நைனா, அம்மா, நைனாவின் அக்கா, தேசம்மா, நான். சர்ச்சுக்குப் போகிற ஒருத்தி திருமலைக்குப் பஸ் ஏறுகிறாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வேலை என்றால் வேலை. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மலைப் பாதை வளைவு ஒவ்வொன்றுக்கும் கையைத் தட்டினாள்.

மொட்டை போடும் கூடம் உங்களுக்குத் தெரியும். ஈரத் தரை, கால் முழுக்க முடி, வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாவிதர்கள், குழந்தைகளின் அழுகை, நடுநடுவே கோவிந்தா. தேசம்மா என் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உட்கார் என்றதும் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துண்டைத் தோளில் போட்டேன். இருக்க விட்டாள்.

அவளுடைய அம்மா சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். இருந்தாள். நைனாவுக்கு நம்ப முடியவில்லை. "பாருக்கா, பாரு, குந்திகினு கீறா பாரு" என்று தன் அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நாவிதர் நல்ல மனுஷன், வயசானவர். இடது கையை அவள் உச்சியில் வைத்தார். அதற்கும் இருந்தாள். கத்தியை எடுத்தார்.

அப்போது தேசம்மா துண்டைத் தோளிலிருந்து எடுத்து, என் மடியில் வைத்தாள்.

அலறவில்லை. கடிக்கவில்லை. உதறவும் இல்லை. நாங்கள் எப்படிக் கற்றுக்கொடுத்தோமோ அப்படியே, மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நைனா கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தத் துண்டை எடுத்து மறுபடி அவள் தோளில் போட்டிருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. மொட்டை ஆகியிருக்கும், வேண்டுதல் தீர்ந்திருக்கும், தாழ்ப்பாள் போட்ட அறை இல்லாமல் போயிருக்கும், அவளுக்குப் பள்ளிக்கூடம் நிலைத்திருக்கும். அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

"ஐயா, கத்தியை எடுத்துடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். "கத்திய எடுங்க!"

நாவிதர் கையைத் தூக்கினார். "ஏமம்மா?" என்னம்மா என்று தெலுங்கில் கேட்டார்.

"இன்னாச்சு?" என்றார் நைனா.

"வேணாங்கறா."

"யாரு வேணாங்கறா?"

"தேசம்மா. துண்டைக் குடுத்துட்டா."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "இன்னா விளையாடறியா? அசையாமத்தான குந்திகினு கீறா! நீ சும்மா புடிச்சிக்க. புடிக்கத்தான உன்ன இட்டாந்தேன்."

"மாட்டேன் நைனா."

நாவிதருக்குத் தெலுங்குதான் சரளம். "பட்டுகோண்டம்மா, ரெண்டு நிமிஷால பனி" என்றார். பிடித்துக்கொள்ளுங்கள், ரெண்டு நிமிஷ வேலைதான் என்று. நான் தலையை ஆட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்து, மொட்டை வேண்டாம் என்றால் பெண் பிள்ளைதானே, மூன்று கத்திரி முடி கொடுத்தாலும் போதுமே என்றார். அது நல்ல யோசனையாகத் தோன்றியது. துண்டை எடுத்துத் தேசம்மாவிடம் நீட்டி, கத்திரியைக் காட்டினேன். அவள் துண்டை வாங்கிப் பார்த்தாள். மறுபடி என் மடியில் வைத்து, இந்தத் தடவை அதன் மேல் கையால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"அதுக்கும் வேணாங்கறா" என்றேன்.

"ஏன் வேணாமாம்?" என்று கத்தினாள் நைனாவின் அக்கா.

ஏன் என்று எனக்குத் தெரியாது. கூடத்தின் சத்தமாக இருக்கலாம், கத்தியின் வாசனையாக இருக்கலாம், காதுக்கு மேலே இருந்த தழும்பாக இருக்கலாம். காரணம் சொன்னால்தான் கையை எடுப்பேன் என்று அவளோடு நான் பேசிக்கொள்ளவில்லை. துண்டைக் கொடுத்தால் எடுப்பேன் என்றுதான் பேச்சு.

நைனா குனிந்து அவரே பிடிக்க வந்தார். நான் எழுந்து நடுவில் நின்றேன். என் கையை நீட்டினேன். எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்து வைத்த கை. அன்றைக்கு அதைப் பிள்ளையைச் சுற்றி வைக்காமல் பிள்ளைக்கு முன்னால் வைத்தேன். ஊரான் வீட்டு ஆம்பிளையை நெஞ்சில் கை வைத்துத் தடுத்தேன், அத்தனை ஜனத்துக்கு நடுவில். வாழ்க்கையில் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் இல்லை.

"கிறிஸ்துவச்சி!" என்று அவருடைய அக்கா ஆரம்பித்தாள். "நா அப்பவே சொன்னேன்டா. சாமி காரியத்த கெடுக்கறதுக்குன்னே கூட வந்துகீறா. இவள யார்டா மேல ஏத்தனது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நகரவில்லை.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நாவிதர் கத்தியைத் துடைத்தார். "பாப்பாவ எழுப்புங்கம்மா, அடுத்தவங்க வரட்டும்" என்றார், கோபம் இல்லாமல். தேசம்மாவின் அம்மா என் மடியிலிருந்து விழுந்திருந்த துண்டை எடுத்தாள். "தல ஈரமா கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடைக்கப் போனவள் கையை நிறுத்தி, துண்டைப் பெண்ணிடம் நீட்டினாள். தேசம்மா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அம்மா துடைத்தாள். அதை நான் பார்த்தேன்.

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கியதும் நைனா சொன்னார்: "மொட்ட இல்லன்னா பள்ளிக்கூடம் இல்ல. சொன்னேன் இல்ல?" நகரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். துண்டு அவள் தோளிலேயே போனது. அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாளா, கொலுசைத் தட்டினாளா, எனக்கு நினைவில்லை. நான் தனியாகச் சித்தூர் வந்தேன்.

பள்ளிக்கூடத்தை நடத்தியவரைப் பெரியம்மா என்போம். மறுநாளே நைனாவின் புகார் அவரிடம் வந்துவிட்டது. கூப்பிட்டார். நிற்க வைத்துத்தான் கேட்டார்.

"ஒரு குடும்பத்தோட நம்பிக்கையில நீ ஏன் கை வைச்சே?"

"நான் வைக்கலைம்மா. பிள்ளை மேல கை வைக்கக்கூடாதுன்னுதான் சொன்னேன்."

"எதிர்த்துப் பேசாதே. அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, அடுத்த தடவை ஒழுங்கா பிடிச்சுக்கறேன்னு சொன்னா திரும்பக் கொண்டுவந்து விடறேங்கறார். பிள்ளையோட நல்லதுக்குச் சொல்றேன்."

"மன்னிப்புக் கேக்கறேம்மா. அவர் நெஞ்சுல கை வைச்சதுக்குக் கேக்கறேன். அடுத்த தடவை பிடிப்பேன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

என்னைச் சமையற்கட்டுக்கு மாற்றினார்கள். சமையற்கட்டுக்காரம்மா, "வா மே, இங்க நிஜமாவே துணி மடிக்கலாம்" என்றாள். சிரித்தேன். வேறென்ன செய்வது?

டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். அவர் என்னைப் பாராட்டவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் இருந்திருந்தா பிடிச்சிருப்பேன் அக்கா. ஒரே ஒரு தடவைதானே, பள்ளிக்கூடம் நிலைக்குமேன்னு பிடிச்சிருப்பேன். இப்ப யோசிச்சா நீங்க செஞ்சதும் சரின்னு தோணுது. ரெண்டும் தோணுது. தூக்கம் வரல" என்றார். பெங்களூரில் படித்தவர் என்னிடம் மறைக்காமல் இதைச் சொன்னார். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. அதற்கப்புறம் அவர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டோ, ஒரு கட்டையோ, ஒரு மணியோ இருந்தது. எதற்காகவும் மீறக்கூடாது என்று அவரே புது ஆட்களுக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் ரெண்டு மூன்று பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மலை மேல போய்க் கர்த்தருக்குச் சாட்சியா நின்னுட்டு வந்தியாமே எஸ்தர்" என்றார்கள். எனக்கு மலை மேல் வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சாமி பெயரைச் சொல்லித் திட்டினவர்களுக்கு ஒன்றும் பதில் சொல்லாதவள், இவர்களுக்குச் சொன்னேன்: "நம்ம சபையில ஞானஸ்நானத் தண்ணிக்கு அவ துண்டைக் குடுத்திருந்தாலும் நிறுத்தியிருப்பேன். போதகர் கையையே பிடிச்சிருப்பேன்." கையை விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் சோறு இறங்கவில்லை. மாட்டுக் கொட்டாய்ப் பக்கத்து அறைதான் கண்ணில் நின்றது. நான் ஒரு துண்டைக் காப்பாற்றி ஒரு பிள்ளையைத் தாழ்ப்பாளுக்குள் அனுப்பிவிட்டேனா என்று படுக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒன்று தெரியும். நான் அன்றைக்கு அந்தத் துண்டைத் திரும்பத் தோளில் போட்டிருந்தால், அவள் அந்த அறைக்குப் போனாலும் போகாவிட்டாலும், சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது. மறுபடி பல்தான்.

நீங்கள் இப்போது பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள். வாங்குங்கள். அது பெற்றோருடைய சம்மதம். பிள்ளையுடைய சம்மதத்தைப் பிள்ளையிடம்தான் வாங்க வேண்டும். அதுவும் காலையில் வாங்கினது மத்தியானத்துக்குச் செல்லாது. "வேண்டாம்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, நமக்குச் சௌகரியமான நாளில் மட்டும் அதைக் கேட்பது என்றால், நாம் கற்றுக்கொடுத்தது பேச்சு இல்லை, ஏமாற்று. "எஸ்தரம்மா பழைய காலத்து மனுஷி, அவங்களுக்குப் பிடிவாதம்" என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

சில வருஷம் போனது. எண்பதுகள் வந்துவிட்டன. அரக்கோணத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போக ரேணிகுண்டா ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றிருந்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் ஒரு குடும்பம். மலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆம்பிளை புது மொட்டை, சந்தனம் காயவில்லை. அவர் பக்கத்தில் ஒரு வயசுப் பெண், இடுப்பு வரைக்கும் முடி. அம்மாக்காரி பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணின் தோளில் ஒரு துண்டு.

அந்தத் துண்டைப் பார்த்துத்தான் தேசம்மா என்று அடையாளம் தெரிந்தது. பழைய துண்டு இல்லை, அது கிழிந்திருக்கும். வேறொன்று, அதுவும் சிவப்பு.

எனக்கு அருகில் போகக் கூச்சம். தூணோடு ஒட்டி நின்றேன். வண்டி வருகிறது என்று மணி அடித்தார்கள். எல்லோரும் மூட்டையைத் தூக்கினார்கள். பின்னல் பாதியில் இருந்தது. அப்போது தேசம்மா தோளில் இருந்த துண்டை எடுத்து அம்மாவின் மடியில் போட்டாள். அம்மாவின் ரெண்டு கையும் அப்படியே நின்றுவிட்டன. முடியை விட்டுவிட்டாள். பாதிப் பின்னல் மெதுவாக அவிழ்ந்தது.

"வண்டி வருது, சீக்ரம் முடி!" என்றார் நைனா.

"இரு யா. துண்டு குடுத்துகீறா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். தூக்கின மூட்டையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தவர் தூணுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னா, தூணாண்ட ஒளிஞ்சிக்கினு கீற?" என்றார். "உன் துண்டால காலைலேந்து ஒரு வண்டி உட்டாச்சு. இதுவும் போவப் போவுது."

"உங்க முடி..." என்றேன்.

மொட்டையைத் தடவிக்கொண்டார். "வேண்டிக்கினது நான்தான? அவளா வேண்டிக்கினா?"

அம்மா நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தெரிந்ததா என்று தெரியவில்லை. அறையைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்காமலே அம்மா சொன்னாள்: "இப்ப அந்த ரூம்புல கடலை மூட்ட கீது, யக்கா." வண்டி வந்தது. மற்றவர்கள் எல்லோரும் ஏறினார்கள். அரக்கோணம் போக எனக்கும் அந்த வண்டிதான். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்துகொண்டு அது போவதைப் பார்த்தோம். கடைசிப் பெட்டி தாண்டின பிறகு, தேசம்மா அம்மாவின் மடியிலிருந்து துண்டை எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

இதில் எங்காவது தப்பு இருக்கும். யாராவது சரிபார்த்துவிடுங்கள். அந்த டீச்சர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் கேளுங்கள். தேசம்மாவுக்கு அப்போது எத்தனை வயசு, நாங்கள் தகடு வைத்துப் பழக்கினது சீப்புக்கு முன்னாலா பின்னாலா, எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரேணிகுண்டாவில் நாங்கள் விட்ட வண்டி பாசஞ்சரா எக்ஸ்பிரஸ்ஸா என்று ரயில்வேயில் வேலை பார்த்த யாரையாவது விசாரியுங்கள். என் எழுத்தில் ஒற்றுப் பிழை இருக்கும், அதையும் திருத்துங்கள். நைனா மூட்டையைக் கீழே வைத்தார் என்று எழுதியிருக்கிறேனே, அதை மட்டும் தொட வேண்டாம்.